மூன்றாம் நாள் கறி: கோம்பியில் ஐஸ் பெட்டியா, காஸ் பிரிட்ஜா, பேட்டரி பிரிட்ஜா?

இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பனிலிருந்து கோம்பி வேனில் முகாமுக்குக் கிளம்பும் குடும்பத்துக்கு முதல் நாள் சாப்பாடு ஒரு பிரச்சினையே இல்லை. புளிசாதம் கட்டியாகிவிட்டது, உருளைக்கிழங்கு வறுவல் டப்பாவில், மாங்காய் ஊறுகாய் பாட்டிலில். வழியில் மூயி ரிவர் ஊரைத் தாண்டுவதற்குள் பாதி காலி. இரண்டாம் நாளும் ஓடிவிடும். வீட்டில் கல்லாக உறையவைத்த ஆட்டுக்கறி அன்று சாயங்காலம்தான் இளகத் தொடங்கும். மூன்றாம் நாள்தான் சோதனை. பெட்டியைத் திறந்தால் ஐஸ் இருந்த இடத்தில் கலங்கல் தண்ணீர். அதில் மிதக்கும் கோழிப் பாக்கெட்டை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு, போடலாமா வேண்டாமா என்று கணவனும் மனைவியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். எந்தப் பெட்டி வாங்குவது என்று யார் கேட்டாலும் அந்த மூன்றாம் நாளை வைத்துத்தான் நான் பதில் சொல்வேன்.

இந்த முறை கேட்டது ஜோஹன்னஸ்பர்கில் இருக்கும் என் மைத்துனன். "அத்தான், செப்டம்பர் லீவுக்குப் பிள்ளைங்களக் கூட்டிக்கிட்டு க்ரூகர் போறோம். கடையில நாலு மாதிரி பெட்டி இருக்கு. எதை வாங்குறது?" க்ரூகர் வனவிலங்குப் பூங்கா, பழைய கோம்பி, நான்கு பேர், ஆறு இரவு, கூட மாமியார். மாமியாருக்கு இன்சுலின். அந்தக் கடைசிச் செய்தியை அவன் போனை வைக்கப்போகும்போதுதான் சொன்னான். முதலிலேயே சொல்லியிருந்தால் பேச்சு பாதி நேரத்தில் முடிந்திருக்கும்.

பெட்டியைப் பார்ப்பதற்கு முன் உள்ளே வைக்கப்போகும் பொருளைப் பார்க்க வேண்டும். இந்த நாட்டில் முட்டையைக் கடைக்காரர்களே குளிரில்லாத அலமாரியில்தான் அடுக்குகிறார்கள்; கோம்பியில் நிழலான ஒரு மூலை அதற்குப் போதும். லாங் லைஃப் பால் பெட்டியைத் திறக்கும்வரை குளிர் வேண்டாம்; சின்னப் பெட்டிகளாக வாங்கினால் திறந்த அன்றே தீர்ந்துவிடும். டின் மீன், சுகர் பீன்ஸ், பருப்பு, கருவாடு, உப்புக்கண்டம் மாதிரியான பில்டாங், அப்பளம், இட்லிப் பொடி, வெங்காயம், உருளை எதுவும் பெட்டியைக் கேட்பதில்லை. தக்காளியும் மிளகாயும் துணிப்பையில் கிடந்தால் போதும். புரட்டாசி விரதம் இருக்கும் வீட்டுக்கு இன்னும் சுலபம். பள்ளி லீவும், ஊரே பிராய் என்று நெருப்பில் கறி சுடும் 24 செப்டம்பர் பாரம்பரிய தினமும் பெரும்பாலும் புரட்டாசிக்குள்தான் வந்து விழும். பக்கத்து முகாமில் சாப்ஸ் வாசனை வரும்போது நம் ஆட்கள் பீன்ஸ் கறி கிண்டுவது பாவம்தான், ஆனால் அவர்களுக்கு மூன்றாம் நாள் கவலை கிடையாது.

குளிர் கட்டாயம் வேண்டியவை கொஞ்சம்தான்: பச்சை இறைச்சி, கோழி, மீன், திறந்த பால், தயிர், சமைத்து மீந்தது, ரொட்டிக்குள் வைக்கும் பதப்படுத்திய இறைச்சியான போலோனி, சிலருக்கு மருந்து. இவை 5 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும். 5-க்கும் 60-க்கும் நடுவில்தான் கிருமிகளுக்குக் கொண்டாட்டம். அந்த 5 டிகிரியை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 2017–18-இல் இங்கே லிஸ்டீரியா என்ற கிருமி பரவி ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் படுத்து, இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்துபோனார்கள். 2018 மார்ச்சில் போலோனிதான் காரணம் என்று சுகாதார அமைச்சர் அறிவித்தார். லிஸ்டீரியா பிரிட்ஜுக்குள்ளும் மெல்ல வளரக்கூடியது. 12, 15 டிகிரிப் பெட்டியில் அது வளரும் வேகத்தைக் கேட்கவே வேண்டாம். மீந்த சோற்றையும் நம்பக்கூடாது. அதில் சூட்டுக்குச் சாகாத கிருமி விதைகள் உண்டு, மறுபடி சூடாக்கினாலும் விஷம் போகாது. முகாமில் சோறு அளந்து வடிப்பதே நல்லது.

இதெல்லாம் போக, நிஜத்தில் பெட்டியின் பாதி இடத்தைப் பிடித்துக்கொள்வது பீரும் கூல்டிரிங்கும். அதற்குப் பின்னால் வருகிறேன்.

நான்கு மாதிரிகளில் ஒன்றை உடனே தள்ளிவிடலாம். சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகும், கைப்பிடி வைத்த, விலை குறைந்த பிளாஸ்டிக் கூலர் பெட்டி. சூப்பர் மார்க்கெட்டில் கிறிஸ்துமஸ் சமயத்தில் மலைபோலக் குவித்து வைத்திருப்பார்கள். உள்ளே கம்ப்ரசர் கிடையாது. இரண்டு வேறு உலோகங்கள் சேரும் இடத்தில் மின்சாரம் பாய்ந்தால் ஒரு பக்கம் சூடாகும், மறுபக்கம் குளிரும் என்று 1834-இல் பெல்டியே என்ற பிரெஞ்சுக்காரர் கண்டுபிடித்த விளைவுதான் வேலை செய்கிறது. தத்துவம் அழகு. ஆனால் வெளியே இருக்கும் வெப்பத்தைவிடச் சுமார் 15 முதல் 20 டிகிரிதான் அதனால் குறைக்க முடியும். க்ரூகரின் ஸ்குகூசா முகாமில் மத்தியானம் 36 டிகிரி என்றால் உள்ளே 16-க்கும் 21-க்கும் நடுவில். அது கிருமி வளர்க்கும் பெட்டி. போதாததற்கு 4 ஆம்பியர் அளவில் இடைவிடாமல் இழுத்துக்கொண்டே இருக்கும். வண்டி நின்றிருக்கும் ராத்திரியில் வண்டி பேட்டரியைக் காலி செய்துவிடும். பீட்டர்மாரிட்ஸ்பர்க் போய்வர ஜூஸ் பாட்டில் வைக்கலாம். கறிக்கு வேண்டாம்.

இனி ஐஸ் பெட்டி. இதைப் பழசு என்று நினைக்கிறவர்கள்தான் அதிகம். எனக்கு இதில் மரியாதை உண்டு. ஒரு கிலோ ஐஸ் உருகித் தண்ணீராவதற்கு 334 கிலோஜூல் வெப்பத்தை விழுங்கும். மின்சாரக் கணக்கில் அது ஏறக்குறைய 93 வாட்-மணி. அதாவது பெட்ரோல் பங்கில் வாங்கும் ஒரு 5 கிலோ ஐஸ் பைக்குள் 465 வாட்-மணி குளிர் இருக்கிறது. ஒயர் இல்லை, பேட்டரி இல்லை, ரிப்பேர் இல்லை. கேள்வி, அந்தக் குளிரைப் பெட்டி எவ்வளவு வேகமாக வெளியே விடுகிறது என்பதுதான். சுவர் மெல்லிய மலிவுப் பெட்டிக்குள் 12 வாட் அளவு வெப்பம் புகுந்தால் நாளுக்கு 3 கிலோ ஐஸ் போய்விடும். சுவரில் இரண்டு அங்குலம் நுரை அடைத்து, மூடியில் ரப்பர் வளையம் வைத்த கனமான பெட்டி என்றால் அதில் பாதிகூடப் போகாது. மலிவுப் பெட்டியில் முதலில் கவனிக்க வேண்டியது மூடி. சுவரில் நுரை வைத்துவிட்டு மூடியை வெறும் கூடாக விட்டுவிடுவார்கள். தட்டிப் பார்த்தால் சத்தத்திலேயே தெரியும்.

ஐஸ் பெட்டி தோற்பதற்குப் பெட்டியைவிட அடுக்குவதுதான் பெரும்பாலும் காரணம். கட்டி ஐஸைக் கொட்டி, அதன்மேல் பொருட்களை வைத்தால் இரண்டாம் நாள் காலையில் என்ன ஆகும் என்று பாருங்கள். தயிர் டப்பாவின் மூடிக்கு அடியில் ஒரு மெல்லிய கோடு தண்ணீர் ஏறியிருக்கும். தயிரின்மேல் சாம்பல் நிறத்தில் ஒரு ஏடு. வெண்ணெய்க் காகிதம் நனைந்து பிய்ந்து வரும். கோழிப் பாக்கெட்டின் மூலையில் ஊசி முனை ஓட்டை இருந்தால், அந்த இளஞ்சிவப்புச் சாறு அந்தத் தண்ணீர் முழுக்கக் கலந்திருக்கும். அதே தண்ணீரில்தான் குழந்தைகள் கைவிட்டு ஜூஸ் பாட்டில் எடுக்கிறார்கள்.

இதற்கு மருந்து, வீட்டில் கிடக்கும் 2 லிட்டர் கூல்டிரிங் பாட்டில்கள். கழுத்துக்குக் கீழே நான்கு விரல் இடம் விட்டுத் தண்ணீர் நிரப்பி, மூன்று நாள் முன்பே டீப் ஃப்ரீசரில் படுக்கப் போடுங்கள். ஒரே நாளில் நான்கைந்து பாட்டில் உறைந்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். வெளியே கெட்டியாகியிருக்கும், நடுவில் தண்ணீர் ஆடும். பெரிய கட்டி சின்னக் கட்டிகளைவிட மெதுவாக உருகும், உருகினாலும் தண்ணீர் பாட்டிலுக்குள்ளேயே நிற்கும், கடைசியில் குடித்தும்விடலாம். ஆட்டுக்கறியை மசாலா போட்டு ஜிப் பையில் தட்டையாகப் பரப்பி உறையவைத்தால் அதுவே ஒரு ஐஸ் பலகை. முதலில் வேண்டியது மேலே, கடைசி நாள் கறி அடியில். கிளம்பும் முந்தைய ராத்திரியே வெறும் பெட்டிக்குள் ஒரு ஐஸ் பாட்டிலைப் போட்டு மூடிவையுங்கள். கராஜில் வெயில்பட்டுக் கிடந்த பெட்டிச் சுவரைக் குளிர்விக்கவே ஒரு கிலோ ஐஸ் போய்விடும்.

இப்போது பீர் விஷயம். குடிக்கிற பொருளுக்கு ஒரு மலிவுப் பெட்டி தனியாக வைத்துவிடுங்கள். முகாமில் பெட்டியைத் திறப்பது பசியால் இல்லை, தாகத்தால். ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் டர்பன் பக்கத்து ஈரக் காற்று உள்ளே போய்ச் சுவரில் வியர்த்து ஐஸைத் தின்னும். கறிப் பெட்டியை நாளுக்கு மூன்று தடவைக்கு மேல் திறப்பதில்லை என்று வைத்துக்கொண்டால் அதன் ஆயுள் ஏறக்குறைய இன்னொரு நாள் நீளும்.

மீன் பிடிக்கப் போகிறவர்களுக்கு ஐஸ் பெட்டிக்கு மாற்றே கிடையாது. ஜூன், ஜூலையில் தென்கரையில் சார்டீன் மீன் கூட்டம் வரும்போது டர்பனின் சாட்ஸ்வர்த்திலிருந்து கிளம்பும் மாமாக்களைப் பாருங்கள். பக்கி என்கிற பிக்கப் வண்டியின் பின்னால் பிரிட்ஜ் இருக்காது. பெரிய வெள்ளைப் பெட்டியும் ஐஸ் மூட்டையும்தான் இருக்கும். ஐஸில் கொஞ்சம் கடல்தண்ணீரை ஊற்றிக் குழம்பாக்குவார்கள். உப்பு சேர்ந்ததும் அது பூஜ்ஜியத்துக்கும் சற்றுக் கீழே இறங்கும். மீனைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஒட்டிக்கொள்ளும். கரையில் துள்ளிய ஷேட் மீன் சில நிமிடங்களில் விறைத்துவிடும். அதே மீனை 40 லிட்டர் பிரிட்ஜில் வைத்துப் பாருங்கள். நான்கு மீன் ஒன்றாகக் கிடந்தால் நடுவில் இருக்கும் மீன் குளிர்வதற்குள் பொழுது போய்விடும். பிரிட்ஜ் குளிர்ந்ததைக் குளிராக வைத்திருக்கும் கருவி. சூடானதை வேகமாகக் குளிர்விக்க அதற்குச் சக்தி போதாது.

உலர் ஐஸ் வாங்கலாமா என்று கேட்பவர்களும் உண்டு. மைனஸ் 78 டிகிரி, தண்ணீர் விடாது, கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அது கரியமில வாயுவாக மாறித்தான் கரைகிறது. அடைத்த கோம்பிக்குள் அதை வைத்துக்கொண்டு தூங்கக்கூடாது. வண்டியில் படுக்காதவர்கள் யோசிக்கலாம்.

ஐஸ் பெட்டி எங்கே நிஜமாகக் கைவிடும்? இரண்டு இடத்தில். ஒன்று, ஐஸ் விற்கும் கடை இல்லாத ஊர். க்ரூகரில் பெரிய முகாம்களின் கடைகளில் ஐஸ் கிடைக்கும், செயின்ட் லூசியா ஊருக்குள் கிடைக்கும். சின்ன முகாம்களில் கடையே இருக்காது. இன்னொன்று இன்சுலின். திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், ஒருமுறை உறைந்துவிட்டால் தூக்கிப் போட வேண்டியதுதான். உறைந்து இளகிய பிறகு பார்த்துக் கண்டுபிடிக்கவும் முடியாமல் போகலாம். ஃப்ரீசரிலிருந்து வந்த ஐஸ் பாட்டில் மைனஸ் 18-இல் இருக்கிறது. அதை ஒட்டி வைத்த இன்சுலின் பேனா முதல் சில மணி நேரத்திலேயே கெட்டுவிடலாம். மூன்றாம் நாளோ பெட்டி 12 டிகிரிக்கு ஏறியிருக்கும். பயன்பாட்டில் இருக்கும் பேனாவைச் சுமார் நான்கு வாரம் வெளியே வைத்துக்கொள்ளலாம், பெரும்பாலானவற்றுக்கு 25 அல்லது 30 டிகிரியைத் தாண்டக்கூடாது. உங்கள் மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளில் எந்த எண் என்று இருக்கும். நிறுத்திய கோம்பிக்குள் மத்தியானம் அந்த எண் எங்கே போகும் என்று உங்களுக்கே தெரியும். சர்க்கரை இல்லாத வீடு நம்மில் எத்தனை? பயணத்தில் இன்சுலின் வருகிறதென்றால் என் பதில் ஐஸ் பெட்டி கிடையாது.

மூன்றாவது, காஸ் பிரிட்ஜ். காஸ், 12 வோல்ட், 220 வோல்ட் மூன்றிலும் ஓடுவதால் திரீ-வே என்று கடைக்காரர்கள் சொல்வது. பழைய காரவன்களில் எல்லாம் இதுதான். 1922-இல் ஸ்டாக்ஹோமில் படித்துக்கொண்டிருந்த பிளாட்டன், முன்டர்ஸ் என்ற இரண்டு மாணவர்கள் கண்டுபிடித்தது. அசைகிற பாகமே கிடையாது. அம்மோனியா, தண்ணீர், ஹைட்ரஜன் மூன்றும் குழாய்களுக்குள் சூட்டாலும் புவி ஈர்ப்பாலும் சுற்றிவருகின்றன. கீழே ஒரு சின்ன நீலச் சுடர், மேலே குளிர். சத்தமே இருக்காது. டிராகன்ஸ்பர்க் மலையில் ஜூலை மாதக் குளிர்கால ராத்திரியில் இதைப்போல நிம்மதியான பிரிட்ஜ் இல்லை. வெளியே பூஜ்ஜியத்துக்குக் கீழே போகும்போது அதற்கு வேலையும் குறைவு. காஸும் நிறையக் குடிக்காது. நாளைக்கு 300, 400 கிராம் அளவில், ஒரு 3 கிலோ சிலிண்டர் ஒரு வாரம் தாராளமாக வரும்.

ஆனால் அந்தப் புவி ஈர்ப்பில்தான் சிக்கல். பெட்டி மட்டமாக நிற்க வேண்டும். தோசைக்கல் சாய்ந்திருந்தால் மாவு ஒரு பக்கமாக ஓடுவதைப்போல, இரண்டு மூன்று டிகிரி சாய்ந்தாலே உள்ளே திரவம் ஓட வேண்டிய வழியில் ஓடாது. கொதிகலன் மட்டும் காய்ந்துகொண்டிருக்கும். முகாமில் சக்கரத்துக்கு அடியில் கட்டை வைத்து, கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றிப் பார்த்து மட்டம் செய்பவர்கள் இதற்காகத்தான் அந்தப் பாடுபடுகிறார்கள். இரண்டாவது, இதுவும் வெளி வெப்பத்திலிருந்து சுமார் 25, 30 டிகிரிதான் குறைக்கும். 38 டிகிரி நாளில் உள்ளே 8-க்கும் 13-க்கும் நடுவில் தள்ளாடும். மூன்றாவது, 12 வோல்ட்டில் இது 7 முதல் 10 ஆம்பியர் வரை நிறுத்தாமல் இழுக்கும். எஞ்சின் ஓடும்போது ஏற்கெனவே இருக்கும் குளிரைத் தக்கவைக்க மட்டும் அது உதவும்.

எல்லாவற்றுக்கும் மேலே, காஸில் எரிகிற பிரிட்ஜைக் கோம்பிக்குள் வைத்துக் கதவை மூடித் தூங்குவது உயிருக்கு ஆபத்து. காரவனில் சுவரோடு பதித்து, புகை வெளியே போக வழி வைத்திருப்பார்கள். கையில் தூக்கும் பெட்டிக்கு அந்த வழி இல்லை. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. வெளியே, பந்தலுக்கு அடியில், காற்றுப்படும் இடத்தில் மட்டும்தான். பெட்ரோல் போட நிற்கும்போது சுடரை அணைத்திருக்க வேண்டும். ராத்திரி வெளியே வைத்தால் க்ரூகரில் தேன்வளைக்கரடிக்கு விருந்து. ஆகவே, ஏற்கெனவே காரவனில் இது இருந்தால் நன்றாக வைத்துக்கொள்ளுங்கள். கோம்பிக்காகப் புதிதாக வாங்க எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

கடைசி, 12 வோல்ட் கம்ப்ரசர் பிரிட்ஜ். வீட்டுப் பிரிட்ஜின் அதே வேலை, சின்ன உடம்பு. நேஷனல் லூனா, ஸ்னோமாஸ்டர் இரண்டும் இந்த நாட்டுக் கம்பெனிகள். ஜப்பான் எங்கெல் பழையவர்களின் செல்லம். வெளியே 40 டிகிரி அடித்தாலும் உள்ளே 3 டிகிரி வேண்டுமென்றால் 3 டிகிரி, மைனஸ் 15 வேண்டுமென்றால் மைனஸ் 15. சாய்ந்து நின்றாலும் ஓடும். விலைதான் நெஞ்சை அடைக்கும். நல்ல ஐஸ் பெட்டியைப்போலப் பல மடங்கு. அந்த விலையோடு முடிவதும் இல்லை, ஏனென்றால் பிரிட்ஜ் வாங்குகிறவர் நிஜத்தில் ஒரு மின்சார ஏற்பாட்டையே வாங்குகிறார். கடைக்காரர் இதைச் சொல்ல மாட்டார்.

கணக்கைப் பார்ப்போம். 40 லிட்டர் பிரிட்ஜ் ஓடும்போது 40, 50 வாட் இழுக்கும். ஆனால் விட்டுவிட்டுத்தான் ஓடும். 30 டிகிரி வெயிலில், 4 டிகிரி வைத்து, ஒழுங்காகத் திறந்து மூடினால் நாளைக்கு 20 முதல் 30 ஆம்பியர் மணி. ஃப்ரீசராக வைத்தால் ஏறக்குறைய இரட்டிப்பு. சாதாரண ஈய பேட்டரி 100 ஆம்பியர் மணி என்று எழுதியிருந்தாலும் பாதிக்குமேல் உறிஞ்சினால் சீக்கிரம் செத்துவிடும்; ஆகவே கையில் 50. வண்டியை நகர்த்தாமல் இரண்டு நாள். அதே அளவு லித்தியம் என்றால் 80, 90 வரை எடுக்கலாம். மூன்று நாள், கொஞ்சம் கூடவும். கூரையில் 100 வாட் சோலார் பேனல் வைத்தால் நல்ல வெயில் நாளில் 25 ஆம்பியர் மணிக்குக் குறையாமல் வரும், கணக்கு சமன். நார்தர்ன் கேப்பில் அந்த வெயிலுக்குப் பஞ்சமில்லை. டர்பன் கரையில் டிசம்பர் மாத மேகத்துக்கு அடியில், அதுவும் மரநிழலில் வண்டியை நிறுத்திவிட்டு, அதே 25-ஐ எதிர்பார்க்கக்கூடாது. நிழல் மனிதருக்கு வேண்டும், வெயில் பேனலுக்கு வேண்டும். நீள ஒயரோடு பேனலைத் தனியாக மடித்து எடுத்துப்போகிறவர்கள் புத்திசாலிகள்.

வண்டி ஓடும்போது ஆல்டர்னேட்டர் சார்ஜ் செய்யும். பழைய கோம்பியில் இது எளிது. புதிய வண்டிகளில் எரிபொருள் மிச்சம் பிடிக்க வோல்ட்டேஜைத் தானே இறக்கும் ஆல்டர்னேட்டர் வைத்திருக்கிறார்கள். அதற்கு நடுவில் வோல்ட்டேஜைச் சரிசெய்து கொடுக்கும் ஒரு டிசி-டிசி சார்ஜர் போட்டால்தான் இரண்டாவது பேட்டரி நிரம்பும். வண்டி ஸ்டார்ட் ஆகும் பேட்டரியிலேயே பிரிட்ஜை ஓட்ட வேண்டாம். விடிகாலையில் சாவியைத் திருப்பினால் டிக் என்று மட்டும் கேட்கும், நடுக்காட்டில் யாரைக் கூப்பிடுவது?

புதுப் பிரிட்ஜ் ஓட மறுத்து, எச்சரிக்கை விளக்கு மினுங்கினால் குற்றம் பெரும்பாலும் ஒயரில் இருக்கும். கோம்பியின் முன்னாலிருந்து பின்னால்வரை 5 மீட்டர். தொழிற்சாலையில் போட்ட மெல்லிய ஒயர் வழியாக 5 ஆம்பியர் போனால் வழியிலேயே ஒரு வோல்ட்டுக்குமேல் தொலைந்துவிடலாம். பேட்டரியில் 12.2 இருக்கும், பிரிட்ஜ் பார்ப்பது 11. பேட்டரி காலி என்று நினைத்து அது தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும். 6 சதுர மில்லிமீட்டர் தடிமனில் தனி ஒயர் இழுத்து, பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் போட்டு, லைட்டர் சாக்கெட்டுக்குப் பதில் இறுகப் பிடிக்கும் ஹெல்லா சாக்கெட் வைத்தால் இந்தத் தலைவலி தீர்ந்தது. மண் ரோட்டுக் குலுக்கலில் லைட்டர் பிளக் நழுவி வெளியே வந்து கிடப்பதைச் சாயங்காலம்தான் கவனிப்பீர்கள்.

இவ்வளவு செலவு நியாயமா? ஆண்டுக்கு ஒருமுறை, பத்து நாள் முகாமுக்கு மட்டும் என்றால் நியாயமில்லை. வாடகைக்கு எடுங்கள், ஊரில் முகாம் சாமான் வாடகைக்குத் தருகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் இந்த நாட்டில் ஒரு விஷயம் கணக்கை மாற்றிவிட்டது. லோட்ஷெடிங், அதாவது முறைவைத்து மின்சாரத்தை நிறுத்துவது. 2023-இல் இங்கே வாழ்ந்த யாருக்கும் விளக்கத் தேவையில்லை. அந்த வருஷத்துக் கடுப்பில் வாங்கிய லித்தியம் பேட்டரியும் கையில் தூக்கும் பவர் ஸ்டேஷன் பெட்டியும் பல வீடுகளில் இன்று மூலையில் உட்கார்ந்திருக்கின்றன. உங்கள் வீட்டிலும் அப்படி ஒன்று இருந்தால் மின்சார ஏற்பாட்டில் பாதி ஏற்கெனவே வாங்கியாகிவிட்டது. பிரிட்ஜும் சும்மா கிடக்காது. தெருவில் கேபிள் திருட்டுப் போனாலும், டிரான்ஸ்ஃபார்மர் வெடித்தாலும், மாமியாரின் இன்சுலினும் குழந்தையின் பாலும் கராஜில் ஓடிக்கொண்டிருக்கும். கல்யாணம், கோயில் திருவிழா, மாரியம்மன் கஞ்சி என்று தூக்கிக்கொண்டு போகவும் ஆகும்.

முகாமில் மின்சாரம் இருந்தால் இந்தச் சண்டையே வேண்டாம் என்பவர்களுக்கு: உண்மை, பாதி. க்ரூகரின் பெரிய முகாம்களிலும் ராயல் நேட்டாலின் மஹாய் போன்ற இடங்களிலும் மின்சாரத்தோடு கூடிய இடங்கள் உண்டு. நீல நிறக் காரவன் பிளக்கும் நீள ஒயரும் கொண்டுபோனால் கம்ப்ரசர் பிரிட்ஜும் திரீ-வேயும் 220-இல் ஓடும். ஆனால் காலையில் கேட் திறந்ததும் சிங்கம் பார்க்க வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறீர்கள், பிரிட்ஜும் கூடவே வருகிறது. மத்தியானம்வரை அது வண்டி மின்சாரத்தில்தான். கலஹாடி பாலைவனப் பக்கம் போகிறவர்கள் மின்சாரத்தை நம்பியே போகக்கூடாது. போட்ஸ்வானா பக்கத்து மாபுவாசெஹூபே முகாம்களில் அது கிடையாது. அங்கே கோம்பி போகாது என்பது வேறு. போட்ஸ்வானாவுக்குள் போகிறவர்கள் இன்னொன்றையும் நினைவில் வையுங்கள்: கால்நடை நோய்த் தடுப்பு வேலிகளில் பச்சை இறைச்சியை எடுத்துவிடுவார்கள். பிரிட்ஜ் நிறையக் கறி ஏற்றிக்கொண்டு போய் அங்கே கொடுத்துவிட்டு வர வேண்டாம்.

குரங்குகளையும் சொல்ல வேண்டும். கேப் விடால், சோட்வானா போன்ற கடற்கரை முகாம்களில் ஒரு குரங்குக்கு ஐஸ் பெட்டி மூடி திறக்கத் தெரியாது என்று நினைப்பவர் ரொட்டியை இழப்பார். எந்தப் பெட்டியானாலும் தாழ்ப்பாள் இருக்க வேண்டும், பெட்டி வண்டிக்குள் இருக்க வேண்டும். வண்டிக்குள் கம்ப்ரசர் பிரிட்ஜை வைத்தால் அதன் காற்றுத் துளைப் பக்கம் ஒரு சாண் இடம் விடுங்கள். மெத்தையையும் போர்வையையும் அதன்மேல் அடைத்தால் தன் சூட்டிலேயே மூச்சுத்திணறி பேட்டரியைக் குடிக்கும்.

மைத்துனனுக்கு நான் சொன்னது இதுதான். இரண்டு இரவு டிராகன்ஸ்பர்க் என்றால் நல்ல ஐஸ் பெட்டியும் ஆறு பாட்டிலும் போதும், ஒரு ராண்டும் அதிகம் செலவழிக்காதே. சோட்வானாவில் மீன் என்றாலும் ஐஸ்தான். ஆனால் செப்டம்பர் கடைசியில் க்ரூகர், ஆறு இரவு, இன்சுலின் என்றால் கம்ப்ரசர் பிரிட்ஜ்; வாங்க முடியாவிட்டால் வாடகை. 60 லிட்டர் பார்த்தான். 40 போதும் என்றேன். பெரிய பெட்டியை வாங்கினால் வெங்காயமும் சட்னி பாட்டிலும் உள்ளே குடியேறும். பீருக்கு அவனிடம் இருக்கும் பழைய பெட்டி போதும். உள்ளே ஒரு சின்னத் தெர்மாமீட்டர், இன்சுலின் நடுக் கூடையில், சுவரை ஒட்டாமல். பெட்டியின் வெப்பம் 4-இல். ஃப்ரீசராக ஒருபோதும் வைக்காதே. கிளம்பும் முந்தைய நாளே வீட்டு மின்சாரத்தில் போட்டு, ஏற்கெனவே குளிர்ந்த பொருளை மட்டும் ஏற்று.

"செகண்ட் ஹேண்ட் ஒண்ணு பார்த்தேன் அத்தான், பாதி விலை" என்றான். தாராளமாகப் பார்க்கலாம். விற்கிறவர் வீட்டுக்குப் போகும்போது பெட்டி வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். ஏற்கெனவே ஓடவிட்டுக் குளிரவைத்திருந்தால் எதுவும் தெரியாது. 220-இல் ஓட்டிக் காட்டினால் ஒப்புக்கொள்ளாதே, 12 வோல்ட் பேட்டரியில் மாட்டச் சொல். ஒரு மணி நேரத்தில் உள்சுவர் கை ஒட்டும் அளவுக்குக் குளிர வேண்டும். மூடி ரப்பருக்கு நடுவில் ஒரு நோட்டை வைத்து மூடி, நான்கு பக்கமும் இழுத்துப் பார். எந்தப் பக்கமும் சும்மா வழுக்கி வரக்கூடாது. பேச்சுவாக்கில் திரீ-வே எதையாவது தலையில் கட்டப் பார்த்தால், பின்னால் குனிந்து பார். குழாய்களில் மஞ்சள் பொடி படிந்திருந்தாலோ, மூக்கில் அம்மோனியா குத்தினாலோ, தேநீர் கொடுத்தாலும் குடிக்காமல் கிளம்பிவிடு.